என்னோடிரும்: சில நாட்கள்

ஆகஸ்ட் 17, ஞாயிறு

அப்பா இன்றைக்கும் கோயிலுக்கு வரவில்லை. விரலில் மாட்டிப் பார்த்த ஆக்சிஜன் அளவு காலையில் 91. ராத்திரி 89.

ஆகஸ்ட் 18, திங்கள்

ஆக்சிஜன் மெஷின் வந்துவிட்டது. கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் வைத்திருக்கிறோம். நிமிடத்துக்கு 2 லிட்டர். ஓயாத இரைச்சல். அப்பா ஒன்றும் சொல்லவில்லை, மூக்குக் குழாயை மட்டும் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறார். அண்ணன் மஸ்கட்டிலிருந்து வீடியோவில் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே இருக்காங்க" என்றான்.

ஆகஸ்ட் 20, புதன்

கரண்ட், கரண்ட், கரண்ட். வேறு நினைப்பே இல்லை. ஆடி முடிந்தும் காற்று அடங்கவில்லை. கம்பியில் ஒரு பனையோலை விழுந்தால் போதும், லைன் போய்விடும். மெஷின் கொண்டுவந்த பையன் கையிருப்புக்கு ஒரு சிலிண்டர் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். சாவியைப் போட்டுத் திருப்ப வேண்டும், மீட்டரில் குண்டு 2-க்கு ஏறி நிற்கிறதா என்று பார்க்க வேண்டும், அப்புறம் குழாயை மாற்ற வேண்டும். பகலில் கண்ணை மூடிக்கொண்டு பழகிப் பார்த்தேன்.

குடும்ப ஜெபத்துக்கு உட்கார்ந்த நேரத்தில் போயே விட்டது. டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு எல்லாம் செய்தேன். கை நடுங்கியது. குண்டு ஏறியது. குழாயை மாட்டிவிட்டு நிமிர்ந்தால், அப்பா அந்த இருட்டில் மூச்சுக் குரலில் தொடங்குகிறார்: "என்னோடிரும்..."

பாடகர் குழுவில் இத்தனை வருஷம் பேஸ் (கீழ்க்குரல்) பாடியவர் இன்றைக்கு எடுத்தது மெட்டை. எங்களுக்குச் சின்ன வயதில் சொல்லிக்கொடுத்தது போலவே மி மி ரே தோ என்று இறங்கி வந்தார். அடுத்த சுரம் அங்கிருந்து ஒரே தாவலாக மேலே 'சோ'வுக்குப் போக வேண்டும். 'மா நேச' என்பதில் அந்த 'மா'. அதற்கு அப்பாவிடம் மூச்சு இல்லை. நின்றுவிட்டார். 'மா'வை நான் எடுத்தேன். மீதிக் கவி (சரணம்) முழுக்க அவர் உதடு மட்டும் அசைந்தது. கரண்ட் வந்தது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை, மெஷின் கத்திய பிறகுதான் பார்த்தோம்.

ஆகஸ்ட் 21, வியாழன்

தூக்கம் இல்லை. 'என்னோடிரும்' பாட்டை ஆங்கிலத்தில் 'Abide With Me' என்று எழுதிய ஹென்றி பிரான்சிஸ் லைட்டைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தேன். இங்கிலாந்தில் பிரிக்ஸ்ஹாம் என்ற மீன்பிடி ஊரில் இருபது வருஷத்துக்கு மேல் குருவாக இருந்தவர். அவருக்கும் நெஞ்சுதான். 1847 செப்டம்பரில் சபைக்குக் கடைசிப் பிரசங்கம். குளிருக்குப் பயந்து தெற்கே கிளம்பி, நவம்பர் 20 அன்று நீஸ் நகரத்தில் இறந்தார். 54 வயது. பாட்டு அந்தக் கடைசி மாதங்களோடு சேர்ந்தது.

அப்படியென்றால் மூச்சு முட்டிய ஒரு மனிதன் எழுதியது இது. ஆனால் நாங்கள் பாடுகிற கவிகளில் ஒரு இடத்தில்கூட 'என்னைச் சுகமாக்கும்' என்று வரவில்லை. சின்ன வயதிலிருந்து பாடியும் இது எனக்குத் தோன்றியதே இல்லை.

எனக்குச் சுகம் வேண்டும். அப்பா எழுந்து நடக்க வேண்டும். அதைக் கேட்காமல் எப்படி ஜெபிப்பது?

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மத்தியானம் ஜெபக் குழு வந்தது. அன்பாகத்தான் வந்தார்கள், பழம், ஹார்லிக்ஸ் எல்லாம் வாங்கிக்கொண்டு. ஆனால் அந்தச் சத்தம்! "இந்த வாரமே எழுந்து நடப்பார், விசுவாசிக்கணும்" என்று என் தலையிலும் கை வைத்துச் சொன்னார்கள். போன பிறகு விரலில் மாட்டிப் பார்த்தால் 86. பின்வாசலில் நின்று அழுதேன். நடக்காவிட்டால் என் விசுவாசம் குறைந்துபோனது என்று ஆகிவிடுமா? கோபம் இன்னும் ஆறவில்லை.

ஆகஸ்ட் 25, திங்கள்

90. ஸ்தோத்திரம்.

ஆகஸ்ட் 28, வியாழன்

லைட் எழுதியது எட்டுக் கவி. பாட்டுப் புத்தகங்களில் பெரும்பாலும் ஐந்துதான் இருக்கும். விட்டுப்போனவற்றில் ஒன்றை இன்றைக்கு வாசித்தேன், மனதை விட்டு அகலவில்லை. ஒரு பார்வையும், போகிற போக்கில் ஒரு வார்த்தையும் எனக்குப் போதாது. சீஷரோடு இருந்தது போலப் பொறுமையாய், நெருக்கமாய் இரும். வந்து போகிறவராக அல்ல, தங்குகிறவராக வாரும் என்று கேட்கிறார்.

லூக்கா சுவிசேஷம் 24-ல் எம்மாவு ஊருக்குப் போன இரண்டு சீஷரும் உயிர்த்தெழுந்த இயேசுவிடம் இதைத்தான் கேட்டார்கள். "நீர் எங்களுடனே தங்கியிரும், சாயங்காலமாயிற்று, பொழுதும் போயிற்று." அவரும் வந்தார், பந்தியிருந்தார், அப்பத்தைப் பிட்டார்.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா தினமும் சாயங்காலம் வருகிறார்கள். ஜெபம்கூடச் சொல்வதில்லை. முருங்கைக்கீரையை மடியில் போட்டு உருவிக்கொண்டு அப்பாவின் கால்மாட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள். அந்த நேரத்தில்தான் நான் குளிக்கிறேன், துணி காயப்போடுகிறேன், கடைக்குப் போகிறேன். கேட்டதை ஆண்டவர் தந்துகொண்டுதான் இருக்கிறார் என்று இன்றைக்கு உருவிய கீரையை வாங்கி உள்ளே வைக்கும்போது நினைத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 1, திங்கள்

இரண்டு தடவை கரண்ட் போனது. 87. எதுவும் எழுத முடியவில்லை.

செப்டம்பர் 3, புதன்

அப்பா இன்று நன்றாகப் பேசினார். குடியரசு தின விழா முடிவில், ஜனவரி 29 அன்று டில்லியில் நடக்கும் ராணுவ பேண்டு நிகழ்ச்சியைப் பற்றி. காந்திக்குப் பிடித்த பாட்டு என்று வருஷா வருஷம் இதை வாசிப்பார்கள். அப்பா டிவி முன்னால் நின்றபடியே பேஸ் பாடுவார். 2022-ல் நிகழ்ச்சியிலிருந்து எடுத்துவிட்டார்கள். அந்த வருஷம் டிவியை அணைத்துவிட்டு, "சரி, நாம பாடுவோம்" என்று எங்களை உட்காரவைத்துப் பாடியது எனக்கும் ஞாபகம் இருக்கிறது.

எடித் கேவல் கதையும் சொன்னார், எனக்குப் புதிது. முதல் உலகப் போரில் பிரஸ்ஸல்ஸிலிருந்து போர்வீரர்களைத் தப்பவைத்த நர்ஸ். 1915 அக்டோபர் 12 விடியற்காலம் ஜெர்மானியர்கள் சுட்டுக் கொன்றார்கள். முந்தின ராத்திரி சிறையில் குருவானவர் நற்கருணை கொடுத்துவிட்டு இந்தப் பாட்டை மெதுவாகச் சொல்ல, அவளும் கூடவே சொன்னாளாம். சிறைக் கதவு திறக்கவில்லை. அவளும் கேட்டது கூட இரும் என்பதைத்தான்.

சொல்லி முடிக்க அப்பாவுக்கு மூன்று தடவை நிறுத்த வேண்டியிருந்தது. நான் இன்னும் சுகத்தையும் கேட்கிறேன். கேட்பேன். ஆனால் முதலில் கேட்பது அது இல்லை, கொஞ்ச நாளாகவே.

செப்டம்பர் 8, திங்கள்

தூத்துக்குடியில் ஸ்கேன். சிலிண்டரோடு காரில் போய்வந்தோம். ரிப்போர்ட் வியாழக்கிழமை.

செப்டம்பர் 9, செவ்வாய்

வியாழக்கிழமை. வியாழக்கிழமை.

செப்டம்பர் 11, வியாழன்

டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டுப் பேசினார். அதை இங்கே எழுதப்போவதில்லை. அண்ணனுக்குச் சொல்லியாயிற்று, டிக்கெட் போடுகிறான்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா ரிப்போர்ட்டைக் கேட்கவில்லை. பாடகர் குழுவில் பேஸ் பாட ஆள் இல்லையாம், இரண்டு பையன்களை ஞாயிற்றுக்கிழமை வரச்சொல்லியிருக்கிறார். "அதிகம் பேசக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு, அப்பா" என்றேன். "நோட்டுல எழுதிக் குடுக்கேன், அவனுவ பாடட்டும்" என்கிறார். பெரியம்மா வீட்டில் இரண்டு நாற்காலி கேட்க வேண்டும். நாளைக்குச் சிலிண்டர் மாற்ற ஆள் வரும்.