முன் பிரேக்: தர்மபுரி நாட்குறிப்பு

ஜூன் 4
பைக்கின் முன் டிஸ்க் பிரேக் லீவரை அழுத்தினால் கைப்பிடி வரை வந்துவிடுகிறது. விடாமல் நாலு தடவை அடித்தால் கெட்டியாகிறது. பிரேக் ஆயிலுக்குள் ஏர் புகுந்திருக்கிறது. டிஸ்க்கைக் கவ்வும் காலிபர், அதற்கு ஆயில் போகும் ஹோஸ், எங்கும் ஈரமில்லை. ஆயில் டிகாக்‌ஷன் நிறத்தில்.

ஜூன் 5
ஏர் எடுத்தாயிற்று. டாட் 4 ரகப் பிரேக் ஆயில், சீல் உடைக்காத புட்டி. திறந்து வைத்தது காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்துவிடும். புது ஆயில் 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறியது 155இலேயே கொதிக்கலாம். தொப்பூர் கணவாய் இறக்கத்துக்கு அந்த வித்தியாசம் உயிர். காலிபரில் ஏர் எடுக்கும் திருகான நிப்பிளுக்கு 8 எம்எம் ஸ்பேனர், உள்ளே தெரிகிற ட்யூப், மறுமுனை ஆயிலுக்குள். லீவரை அழுத்து, பிடி, நிப்பிளைக் கால் சுற்று தளர்த்து, இறுக்கு, அப்புறம்தான் லீவரை விடு. முந்தி விட்டால் ஏர் திரும்ப உள்ளே. டேங்கில் சிந்தியதை உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும், பெயிண்டைத் தின்றுவிடும்.

ஜூன் 6
இன்னும் பஞ்சுதான்.

ஜூன் 7
கீழே எவ்வளவு எடுத்தாலும் மாஸ்டர் சிலிண்டர் (லீவர் தள்ளும் பம்ப்) பேஞ்சோவில், அதாவது ஹோஸை அதோடு பூட்டும் போல்ட் இணைப்பில், குமிழி தங்குகிறது, உச்சி அதுதானே. அதன் மேலிருக்கும் ஆயில் கப் மூடியைத் திறந்து லீவரை 2, 3 மில்லிமீட்டர் மட்டும் தட்டத் தட்ட பொடிப்பொடியாக மேலே வந்தது. மூடிவிட்டு, ராத்திரிக்கு லீவரை அழுத்தி சைக்கிள் ட்யூப்பால் கட்டியாயிற்று.

ஜூன் 8
கெட்டி! கல் மாதிரி.

ஜூன் 10
கணவாய் இறங்கியதும், லீவரை விட்டும் முன் சக்கரம் பிடிக்கிறது. டிஸ்க் கொதிக்கிறது. நிப்பிளைத் தளர்த்தியதும் விட்டது. காலிபரின் ஸ்லைடு பின்னோ பிஸ்டனோ சிக்கியிருந்தால் விடாது. மறுபடி பிடித்தபோது துணி சுற்றி மேல் பேஞ்சோவைத் தளர்த்தினேன், அதிலும் விட்டது. ஹோஸ் உள்ளே அடைத்திருந்தால் அங்கே தளர்த்திப் பயனில்லை. ஆக மாஸ்டர் சிலிண்டர். லீவருக்கு ஆட்டம் சரியாக இருக்கிறது, ஆயிலும் கோட்டுக்கு மேல் இல்லை. மீதி, கப் அடியிலிருக்கும் அந்த ஊசிமுனைத் துளை. சூட்டில் விரியும் ஆயில் கப்புக்குத் திரும்ப வேறு வழியே கிடையாது.

ஜூன் 11
அதேதான். அழுக்குப் பசை அடைத்திருந்தது. ஒயரிலிருந்து ஒற்றைச் செப்பு இழை போதும். தடித்த கம்பி விட்டால் துளையின் ஓரம் பிசிறாகி ரப்பரை அறுக்கும். கழுவப் பிரேக் ஆயில் மட்டும். பெட்ரோல் பட்டால் ரப்பர் ஊதும். பேஞ்சோவுக்குப் புது வாஷர் இரண்டு. திரும்ப ஏர் எடுக்க வேண்டியதாயிற்று.

ஜூன் 12
சக்கரம் தாராளமாகச் சுற்றுகிறது. ஆனால் லீவரை இறுக்கிப் பிடித்தே இருந்தால் மெல்ல மெல்ல இறங்குகிறது. வெளியே சொட்டு இல்லை. மாஸ்டர் சிலிண்டர் உள்ளே பிஸ்டன் ரப்பர் ஆயிலைக் கசிய விடுகிறது. புது ரப்பர் கிட் வரும்வரை வண்டியை எடுக்கக் கூடாது.