மீன் தொட்டிக்குள்ள ஒரு மலை

வன்னியில இருந்துகொண்டு காத்து மலையைத் தாண்டேக்க அதில வாற அலையைப் பற்றிக் கதைக்கிறான் எண்டு சிரிக்காதேங்கோ, எங்கட பக்கம் உயரமெண்டா குளக்கட்டுதான், அதாலதான் மலையை வீட்டுக்குள்ள செய்யவேண்டி வந்தது.

நீட்டு மீன் தொட்டி ஒண்டு சும்மா கிடந்தது. லீற்றருக்கு 50 கிராம்படி ஆனையிறவு உப்பைக் கரைச்சு, கேக்குக்குப் போடுற நீலக் கலரும் கலந்து அடியில 10 சென்ரிமீற்றருக்கு விட்டன். அதுக்கு மேல அதேயளவு நல்ல தண்ணி. நேர ஊத்தினா கலந்துபோகும், ரெஜிபோம் துண்டொண்டை மிதக்கவிட்டு அதுக்கு மேலதான் மெல்ல மெல்ல ஊத்தோணும், அவசரக்காரர் இந்த வேலைக்கு வரப்படாது. பாரமானது கீழ, லேசானது மேல, இந்த அடுக்கு இல்லாட்டி ஒண்டும் நடக்காது. காத்தும் அப்பிடி அடுக்கா இருக்கேக்கதான் மலையில ஏறினது பாரத்தில கீழ விழுந்து, விழுந்த வேகத்தில தன்ர மட்டத்தையும் தாண்டிப்போய், பிறகு எழும்பி எண்டு ஆடிக்கொண்டு போகும். பூமியில ஒரு ஆட்டத்துக்கு 10 நிமிசமளவு எடுக்கும், காத்து செக்கனுக்கு 10 மீற்றர் எண்டா அலைக்கு அலை 6 கிலோமீற்றர்.

மலை எண்டது களிமண் அடைச்ச சிரட்டை, நூல் கட்டினது. மருமோன் இழுக்க நான் போனில வீடியோ. கெதியா இழுத்தா நீலம் சிரட்டைக்கு மேல பொம்மிப்போட்டு அடங்கீடும், பின்னால அலை இல்லை. கணக்குப்படி இந்த அடுக்கில அலை செக்கனுக்கு 13 சென்ரிமீற்றருக்கு மேல ஓடாது, அதைவிட மெல்ல இழுக்கத்தான் சங்கதி: சிரட்டைக்கு மேல நீலம் பதிஞ்சு, பின்பக்கம் எழும்பி, பிறகும் பதிஞ்சு... மேல் தண்ணி ஆடினமாதிரியே தெரியேல்லை!

சிரட்டை எங்க போகுதோ அலையும் அங்கதான். சிரட்டையில இருந்து பாத்தா தண்ணிதான் பின்பக்கமா ஓடும், அலை நிண்ட இடத்திலேயே நிக்கும். "தண்ணி ஓடேக்க அலை மட்டும் ஏன் மாமா நிக்குது?" எண்டான் மருமோன். நல்ல கேள்வி. அலை தண்ணிக்கு எதிர்ப்பக்கமா அதே வேகத்தில ஓடுது, அதால மலையில நிண்டு பாக்கிற ஆளுக்கு நிக்கிறமாதிரி.

யப்பான்ர அகத்சுகி விண்கலம் 2015 டிசம்பரில வெள்ளிக் கிரகத்தில கண்டதும் இதுதான். 65 கிலோமீற்றர் உயரத்தில முகில் செக்கனுக்கு 100 மீற்றர் ஓடுது, ஆனா 10,000 கிலோமீற்றர் நீள வில்லொண்டு அப்ரோடைற்றி மேட்டுநிலத்துக்கு மேல நாள்க்கணக்கா அசையாமல் நிண்டது. நிலத்தில அங்க காத்து வலு மெல்லமாத்தான் வீசும், அதுவே அலையை இவ்வளவு உயரத்துக்கு ஏத்திவிட்டிருக்கு.

என்ர தொட்டியில அலை மேல ஏறாது, ரெண்டே அடுக்கு எண்டபடியால் நடுக்கோட்டிலேயே நிண்டிடும். ஏறவைக்க உப்பு அடியில இருந்து மேல படிப்படியாக் குறையோணும், அதுக்கு ரெண்டு வாளியைக் குழாயால தொடுத்து ஒண்டுக்குள்ள உப்புத்தண்ணி மற்றதுக்குள்ள நல்ல தண்ணி விட்டுக் கலந்து கலந்து இறக்கோணுமாம். வாளி இருக்கு, குழாய்தான் வாங்கோணும்.