தறி நின்றும் விழிக்காத பிள்ளை

சோமனூர்ப் பக்கம் எங்கள் வீட்டை ஒட்டியே தறிக்குடோன். விசைத்தறிச் சத்தத்தில் பிறந்த பிள்ளைகள் அதிலேயே உறங்கப் பழகிவிடும். மின்சாரம் போய்த் தறி நின்றால்தான் சிணுங்கி எழும். என் மகன் மட்டும் அப்போதும் அசையாமல் கிடப்பான். "ஆண் பிள்ளை மெதுவாகத்தான் பேசும்" என்று ஊரே ஆறுதல் சொன்னபோது, "இவனுக்குக் காது கேட்கிறதா பார், கண்ணு" என்றவர் என் அம்மா.

2013 முதல் நடக்கும் தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில், அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறை மருத்துவக் குழு வரும். அவர்கள் எழுதிக்கொடுத்த சீட்டோடு கோவை அரசு மருத்துவமனைக்குப் போனோம். தூங்க வைத்து, தலையில் மின்வாய்கள் ஒட்டி, ஒலி காது நரம்பு வழியே மூளைக்குப் போகிறதா என்று பார்க்கும் 'பெரா' பரிசோதனை செய்தார்கள். இரு காதிலும் கேட்கும் திறன் அறவே இல்லை. காதொலிக் கருவி மாட்டிச் சில மாதம் பார்த்தும் பயனில்லை. ஆறு வயதுக்குள் என்றால், ஒலியை மின்துடிப்பாக்கிக் காது நரம்புக்கு அனுப்பும் காக்ளியர் கருவியை உட்காதில் பொருத்தும் அறுவை சிகிச்சை முதலமைச்சர் காப்பீட்டில் இலவசம். வெளியில் செய்தால் பல லட்சம்.

ரேஷன் அட்டையில் ஒரு பெயர், ஆதாரில் வேறு எழுத்து என்று ஓர் அலுவலகத்தில் திருப்பி அனுப்பினார்கள். காத்திருக்கும் குழந்தைக்கு ஒவ்வொரு மாதமும் பேச்சு இழப்பு என்பது அந்த மேசைக்குத் தெரியவில்லை. வருமானச் சான்றும் பெயர்த் திருத்தமும் முன்பே முடித்துவைப்பது நல்லது.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. காயம் ஆறிய பிறகே கருவியை இயக்குவார்கள். அன்றே பேசிவிடுவான் என்று உறவினர் காத்திருந்தார்கள். அவன் மிரண்டு அழுதான். பிறந்த குழந்தைபோல் அன்றுதான் கேட்கத் தொடங்குகிறான். ஓராண்டுக் கேட்டல் பயிற்சியே உண்மையான சிகிச்சை. உதட்டைப் பார்த்துவிடாதபடி வாயை மறைத்துக்கொண்டு ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். கேட்டால் ஒரு புளியங்கொட்டையைக் கிண்ணத்தில் போடுவான். 'ஆ'வுக்கு உடனே கை போகும். 'ஸ்' காதில் விழ வெகுநாளானது. தறி ஓடும் வீட்டில் இது நடக்காது என்பதால் அவனுடைய அம்மாயி (தாய்வழிப் பாட்டி) வீட்டுத் தோட்டத்துக்கே குடிபோனோம். அங்கே மயில் அகவினால் காதைத் தொட்டுக் காட்டுவான். முதலில் தெளிவாக அழைத்ததும் அம்மாயியைத்தான். எனக்கு அதில் குறையில்லை.

கருவியின் கம்பி அடிக்கடி போகிறது. அதற்கென்றே ஏலச்சீட்டுப் போட்டிருக்கிறேன். ஜூனில் பள்ளி. மின்விசிறிச் சத்தத்துக்குத் தள்ளி, முன் வரிசையில் உட்காரவைக்க ஆசிரியையிடம் பேசிவிட்டேன்.