இணைப்பில் ஒளிந்திருந்த பில்

ஒரே மின்னஞ்சல் முகவரியை மேசைக்கணினி, மடிக்கணினி, கைபேசி என்று மூன்றிலும் வைத்திருக்கிறேன். நாளொன்றுக்கு ஏறக்குறைய 80 அஞ்சல்கள் வரும். நான் பதில் எழுத வேண்டியவை அதில் 10 தேறினால் அதிகம். மீதியெல்லாம் செய்திமடல்கள், ரசீதுகள், குழு விவாதங்கள்.

இன்ன அஞ்சல் இன்ன ஃபோல்டருக்குப் போகட்டும் என்று மேசைக்கணினியின் அஞ்சல் மென்பொருளில் உட்கார்ந்து 30 விதிகள் எழுதினேன். அது திறந்திருக்கும்வரை எல்லாம் ஒழுங்காகப் பிரிந்தன. கணினியை அணைத்துவிட்டு வெளியே போனால் அத்தனை அஞ்சலும் கைபேசியின் இன்பாக்ஸில் குவிந்துவிடும். மாலையில் வந்து கணினியைப் போட்டதும் அவை கைபேசித் திரையிலிருந்து கொத்துக் கொத்தாக மறையும். ஒருமுறை பாதி படித்த கடிதமே கண்ணெதிரில் காணாமல் போனது.

இதற்கு நான் கண்ட வைத்தியம் இன்னும் மோசம். மடிக்கணினியிலும் அதே விதிகளை எழுதினேன். அங்கே ஃபோல்டரின் பெயர் ‘ரசீது’, இங்கே ‘ரசீதுகள்’. எந்தக் கணினி முதலில் விழித்ததோ அதன் ஃபோல்டருக்கு அஞ்சல் போயிற்று. ஒரு ரசீதைத் தேட இரண்டு இடங்களில் துழாவினேன்.

கோளாறு விதிகளில் இல்லை, அவை இருந்த இடத்தில்தான் என்று புரிய வெகுநாள் ஆனது. அஞ்சல் வந்து இறங்குவது சர்வரில், அதாவது அஞ்சல் சேவையின் கணினியில். பிரிக்கும் வேலையும் அங்கேயே முடிந்துவிட வேண்டும். என் கருவிகள் மூன்றும், அஞ்சலைச் சர்வரிலேயே வைத்துப் படிக்கும் ஐமேப் முறையில் இணைந்திருந்ததால் சர்வரில் உள்ள ஃபோல்டர்களையே காட்டும். அஞ்சலைக் கருவிக்கு இறக்கிக்கொள்ளும் பாப்-3 முறைக்கு ஃபோல்டர் என்பதே தெரியாது.

கணினிகளில் இருந்த பழைய விதிகளை முதலில் மொத்தமாக அழித்தேன். பிறகு அஞ்சல் சேவையின் இணையப் பக்கத்துக்குள் போய், அமைப்புகளில் வடிகட்டிப் பகுதியைத் திறந்தேன். அங்கே ‘சிவ்’ என்ற சிறு மொழியில் விதி எழுத வசதி இருந்தது. பெயருக்குச் சல்லடை என்று பொருள்; 2001இல் தரநிலையாக வந்து, 2008இல் ஆர்எஃப்சி 5228 என்ற இணையத் தரநிலை ஆவணமாகப் புதுப்பிக்கப்பட்டது. அதில் எனக்குப் பிடித்த குணம், எந்த விதியிலும் சிக்காத அஞ்சலைத் தானாகவே இன்பாக்ஸில் விட்டுவிடுவது. என் விதி அரைகுறையாக இருந்தாலும் கடிதம் தொலையாது.

தப்பான விதியாக இருந்தால் அது வேறு கதை. தலைப்பில் ‘பில்’ என்று இருந்தால் ரசீதுகளுக்கு அனுப்பு என்று எழுதியிருந்தேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், ‘திருத்தங்கள் இணைப்பில்’ என்று சக ஊழியர் அனுப்பிய அவசரக் கடிதம் ரசீதுகளோடு படுத்திருந்தது. ‘மொழிபெயர்ப்பில் ஒரு சந்தேகம்’ என்று இன்னொன்றும் பக்கத்திலேயே. இணைப்பில், தலைப்பில், வகுப்பில் என்று எல்லாவற்றிலும் ஒரு பில் இருக்கிறது. இயந்திரத்துக்கு வேற்றுமை உருபு தெரியுமா என்ன? அன்றோடு தலைப்பை நம்புவதை விட்டேன். இப்போது ரசீதுகளை அனுப்புநர் முகவரியை வைத்துத்தான் பிரிக்கிறேன். குழு அஞ்சல்களுக்கு அதுவும் உதவாது, ஆளாளுக்கு எழுதுவார்கள். அஞ்சலின் மூல வடிவத்தைத் திறந்தால் ‘லிஸ்ட்-ஐடி’ என்று குழுவின் அடையாளத்தைச் சொல்லும் ஒரு வரி கிடைக்கும். யார் எழுதினாலும் அது மாறாது.

இன்னொன்றிலும் சறுக்கினேன். ஒரு விதி பொருந்தியதும் ‘நிறுத்து’ என்று சொல்லாவிட்டால் சிவ் அடுத்த விதிக்குப் போய்விடுகிறது. ஒரே அஞ்சல் இரண்டு ஃபோல்டர்களில் விழுந்தது.

விதிகள் புதிதாக வரும் அஞ்சலுக்கு மட்டும்தான். பழைய குவியலை அனுப்புநர்வாரியாக அடுக்கி ஒரு ஞாயிறு முழுக்கக் கையாலேயே நகர்த்தினேன்.

கடைசித் தொல்லை கைபேசியில். புதிய ஃபோல்டர்கள் அங்கே தலைகாட்டவே இல்லை. கணக்கு அமைப்பில் ஒவ்வொன்றுக்கும் ‘சந்தா’வை (காசு கட்டுவதல்ல, இந்த ஃபோல்டரையும் காட்டு என்று சொல்வது) இயக்கிய பிறகே தெரிந்தன. தெரிந்த பிறகும் மணி அடிக்கவில்லை. என் கைபேசிச் செயலி இன்பாக்ஸை மட்டுமே காவல் காக்கிறது. ஃபோல்டருக்கு நேரே போகும் அஞ்சல் ஓசையில்லாமல் இறங்கிவிடுகிறது. எல்லா ஃபோல்டருக்கும் அறிவிப்பைப் போடலாம்தான். ஆனால் அதற்கா இத்தனை பாடு? இரண்டு நாள் காத்திருக்கக்கூடிய அஞ்சலுக்கு மட்டும் விதி வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கினேன். 30 விதிகள் 9 ஆயின. சக ஊழியரின் கடிதங்கள் இன்பாக்ஸில்தான் வந்து இறங்குகின்றன, இணைப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும்.