குலசேகரத்து ரப்பர் மரமும் ஃபோர்டு காரும்

தக்கலையைத் தாண்டிக் குலசேகரம் ரோட்டில் திரும்பினால் வெயிலே தெரியாது. இருபுறமும் ரப்பர் மரங்கள். அப்பாவின் பழைய மாருதி 800-ஐ ஓரமாக நிறுத்திவிட்டு ஒரு தோட்டத்துக்குள் இறங்கினேன். காலை ஏழு மணி, பால்வெட்டு முடியும் நேரம். பட்டையில் சரிவாகக் கீறிய கோட்டில் வெள்ளைப் பால் ஓடிவந்து சிரட்டையில் சொட்டிக்கொண்டிருந்தது.

கன்று நட்டு எத்தனை வருஷத்தில் பால் வெட்டலாம் என்று அங்கிருந்த அண்ணனிடம் கேட்டேன்.

"ஏழு வருசம் ஆவும் தம்பி. அவசரப்பட்டா மரம் பாழாயிரும்."

ஏழு வருஷம் காத்திருக்க வேண்டும் என்றதும், டயருக்காகச் சொந்தமாக ரப்பர் தோட்டம் போட்டுப் பார்த்த அமெரிக்கக் கார் முதலாளி ஹென்றி ஃபோர்டின் நினைவு எனக்கு வந்தது. 1908-இல் அவருடைய மாடல் டி கார் வந்தபோது விலை 850 டாலர். 1913-இல் ஹைலண்ட் பார்க் ஆலையில் காரையே தொழிலாளி நிற்கும் இடத்துக்கு நகர்த்திக் கொண்டுவந்தார்கள். ஒரு காரின் பாகங்களைப் பூட்டி முடிக்கப் பன்னிரண்டரை மணி நேரம் ஆனது, 93 நிமிடமாகக் குறைந்தது. விலையும் 300 டாலருக்குக் கீழே இறங்கியது. 1927-க்குள் ஒன்றரைக் கோடி கார்கள்! பண்ணை விவசாயியும் கார் வாங்கினார். எங்கள் வீட்டு வாசலில் மாருதி வந்து நின்றதுகூட அந்த வழியில்தான் என்று நினைக்கிறேன்.

சரி, இத்தனை காருக்கும் டயர்? ரப்பர் ஆசியத் தோட்டங்களிலிருந்து, ஐரோப்பியர் கைவழியாகத்தான் வரவேண்டும். அதனால் ஃபோர்டு 1928-இல் பிரேசிலின் தபஜோஸ் ஆற்றங்கரையில் சொந்தமாகவே தோட்டம் போட்டார். பெயர் ஃபோர்ட்லாண்டியா. காட்டில் ஒன்று இங்கே, ஒன்று அங்கே என்று வளர்ந்த மரத்தை நெருக்கி நட்டார்கள். இலைக்கருகல் பூஞ்சை மரத்துக்கு மரம் தாவியது. 1945-இல் இடத்தைப் பிரேசில் அரசுக்கே விற்றுவிட்டு வெளியேறினார்கள்.

அதே தபஜோஸ் கரையிலிருந்துதான் 1876-இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டனுக்குக் கொண்டுபோனார். அங்கே முளைத்த கன்றுகள் இலங்கைக்கு வந்தன. ஆசியத் தோட்டங்களுக்கெல்லாம் அதுதான் தொடக்கம். அந்தப் பூஞ்சை மட்டும் கடல் தாண்டி வரவில்லை. அதனால்தான் குலசேகரத்தில் மரங்கள் இப்படி வரிசை வரிசையாக, நெருக்கமாக நிற்க முடிகிறது. பக்கத்து மரத்தின் பட்டையை ஒரு நிமிடம் தொட்டுப் பார்த்தேன்.

அதற்குள் அண்ணன் சிரட்டைப் பாலை வாளியில் ஊற்றிச் சேர்த்துவிட்டார். கொட்டகையில் அதை ஆசிட் விட்டு உறைய வைத்து, மெஷினில் கொடுத்து ஷீட்டாக இழுத்தார்கள். முந்தின நாள் ஷீட்டுகள் கொடியில் துணி போலத் தொங்கிக்கொண்டிருந்தன. திற்பரப்பு அருவிக்குப் போய்ச் சேரும்வரை அந்தப் புளித்த வாடை என் சட்டையில் இருந்தது.