எடை தூக்கும்போது மூச்சை எங்கே வைப்பது?

டர்பன் ஜிம்களில் மூச்சைப் பற்றிப் பெரும்பாலும் காதில் விழுவது ஒன்றுதான்: "தூக்கும்போது வெளியே விடு." தவறில்லை, ஆனால் பாதிப் பாடம். டம்பெல்லை 10, 12 முறை தூக்க அது போதும். கனமான ஸ்குவாட் (எடையோடு உட்கார்ந்து எழுவது), டெட்லிஃப்ட் (தரையிலிருந்து எடையைத் தூக்கி நிமிர்வது) இரண்டிலும் எழத் தொடங்கும்போதே மூச்சை விட்டால் வயிறு தளர்ந்து முதுகு வளைந்துவிடும்.

அங்கே இப்படிச் செய்யுங்கள். இறங்கும் முன், வயிற்றின் முன்பக்கம் மட்டுமல்லாமல் விலாவும் இடுப்பின் பின்புறமும் விரியும்படி மூச்சை இழுங்கள். நெஞ்சு முட்ட வேண்டாம், முக்கால் பங்கு போதும். தோள் மேலே ஏறினால் மூச்சு நெஞ்சோடு நின்றுவிட்டது என்று அர்த்தம். அந்த மூச்சைப் பிடித்தபடி, யாரோ வயிற்றில் குத்த வருவதுபோல இறுக்கி இறங்கி, எழும்போது கடினமான இடத்தைத் தாண்டியதும் உதட்டைக் குவித்து விடுங்கள். ஒவ்வொரு தடவைக்கும் புது மூச்சு. நாலைந்து தடவைக்கு ஒரே மூச்சைப் பிடிப்பவருக்குத்தான் பாரை வைத்ததும் கண் இருட்டும். நெஞ்சுக்குள் அழுத்தம் கூடினால் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறையும். எடையை இறக்கியதும் ரத்த அழுத்தம் சட்டென்று விழும்.

மூச்சைப் பிடித்திருக்கும் நேரத்தில் அதே ரத்த அழுத்தம் எகிறவும் செய்யும். பிரஷர் கட்டுக்குள் வராதவர்கள், குளுக்கோமா (கண் நரம்பைப் பாதிக்கும் நோய்), குடலிறக்கம் உள்ளவர்கள் மூச்சைப் பிடிக்கவே வேண்டாம். டாக்டரைக் கேட்டுவிட்டு, குறைந்த எடையில் 12 முதல் 15 தடவை செய்யலாம். டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் சுகர் உள்ளவர்கள் நடைப்பயிற்சியோடு நிறுத்திக்கொள்வதுதான் எனக்குப் பிடிக்காத பழக்கம். சுருங்கும் தசை இன்சுலின் இல்லாமலே குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும்; தசையை வளர்ப்பது அவர்களுக்குத்தான் அதிகம் தேவை. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரம் 2 நாளாவது தசைப் பயிற்சி.

மனதுக்கான வேலை, ஒரு சுற்று தூக்கி முடித்து அடுத்த சுற்றுக்கு முன், அதாவது செட்டுகளுக்கு நடுவில் நடக்கிறது. அந்த 2, 3 நிமிடத்தைப் போனில் தொலைக்காதீர்கள். முதல் அரை நிமிடம் இரைப்பு தானாக அடங்கட்டும். பிறகு மூக்கால் 4 நொடி இழுத்து 6 நொடி விடுங்கள். நிமிடத்துக்கு 6 மூச்சு வரும். வெளிமூச்சு நீளும்போது மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு துடிப்பைத் தணிக்கும். வேண்டுமென்றே வேகவேகமாக மூச்சு வாங்கினால் எதிர்விளைவு: கரியமில வாயு குறைந்து, மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கி, விரல் நுனி மரத்து, பதற்றம் கூடும்.

எடைப் பயிற்சி மனச்சோர்வைக் குறைக்கிறதா என்று 33 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2018 கட்டுரை, குறைக்கிறது என்றது. பலம் எவ்வளவு கூடியது என்பதைப் பொறுத்து அந்தப் பலன் மாறவில்லை. கனத்தைத் துரத்தாதவருக்கும் கிடைக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஜோகன்னஸ்பர்க் சுமார் 1,750 மீட்டர் உயரம்; காற்று மெலிந்திருப்பதால் மூச்சு சீக்கிரம் வாங்கும். கடலோரத்தில் பழகியவர்கள் அங்கே போனால் முதல் வாரம் செட்டுகளுக்கு நடுவே ஒரு நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள்.

தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவர்கள் விரதம் தொடங்கும் முன்பே, தோளில் சுமையோடு நடந்து பழகலாம். மூச்சைப் பிடிக்காமல், மூன்று அடிக்கு இழுத்து நான்கு அடிக்கு விடுங்கள். விரத நாட்களில் எடையைப் பாதியாக்கி, வெயில் ஏறும் முன் காலையிலேயே முடித்துவிடுங்கள். டர்பனின் புழுக்கத்தில் வியர்வை உலராது, உடம்பு சூடு இறங்காது.