தாண்டிக்குடியில் இரண்டு தரிசனம்

வத்தலக்குண்டிலிருந்து பட்டிவீரன்பட்டி வழியாக மலையேறும் பஸ், காப்பித் தோட்டங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து தாண்டிக்குடிக்கு வந்து சேர்கிறது. பாலமுருகன் இங்கே நின்றுவிட்டுத்தான் பழனிக்குத் தாண்டினான் என்பது ஊரார் சொல்லும் தல வரலாறு. கிருத்திகையன்று அத்தையுடன் போயிருந்தேன். அபிஷேகம் முடிந்து சந்தனக் காப்பில் நின்றவனைக் கண் நிறையப் பார்த்தோம்.

கோயிலோடு திரும்பிவிடுகிறவர்களே அதிகம். எனக்கு அது பொறுக்காது. மயிலுக்குப் போர்வை தந்த பேகனின் மலை இது. அவன் காலத்தை ஒட்டிய பெருங்கற்காலத்துக் கற்திட்டைகள் இந்த வட்டாரத்தில் இன்றும் இருக்கின்றன. நிறுத்திய பலகைக் கற்கள், மேலே ஒரு மூடுகல். இறந்தவர்களுக்காக இருந்தவர்கள் எழுப்பியவை.

"சுடுகாட்டுக்கா அழைத்து வந்தாய்?" என்று அத்தை ஒதுங்கி நின்றார். அவருக்குப் பொருந்தல் என்ற ஊரைப் பற்றிச் சொன்னேன். இதே மலையின் அடிவாரம். புதுவைப் பல்கலைக்கழகத்தின் கா. ராஜன் அங்கே அகழாய்வு செய்தபோது, ஒரு கல்லறைக்குள் நான்கு கால் ஜாடி கிடைத்தது. அதற்குள் சுமார் 2 கிலோ நெல். பரிசோதித்ததில் அதன் காலம் கி.மு. 490 என்று வந்தது.

அத்தை உழுத குடும்பத்தில் பிறந்தவர். "விதைநெல்லா, சாப்பாட்டு நெல்லா?" என்றார். நான் வாய் திறப்பதற்குள் அவரே, "விதைநெல்லாகத்தான் இருக்கும். போகிற இடத்திலும் விதைக்க வேண்டாமா?" என்றார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கிட்டே போனார். மூடுகல்லின் விளிம்பில் பாசி படிந்திருந்தது. அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அர்ச்சனைத் தட்டில் இருந்த வாழைப்பழத்தை உரித்துக் கல்லடியில் வைத்தார். ஆடி அமாவாசைக்கு மாமாவுக்குப் படையல் போடும்போது இருக்கிற அதே கவனம்.

பழஞ்சின்னங்களுக்கு முன்னால் காலத்தையும் சட்டப் பிரிவையும் மட்டும் எழுதிய பலகைகளை நடுகிறோம். யாருக்கு நெஞ்சு இளகும்? அந்த நெல்லை எழுதுங்கள். அதை ஜாடியில் அள்ளி வைத்த கையை எழுதுங்கள்.

மனம் வலிக்கிறது. சரிந்த திட்டைகளையும் பார்த்தோம். புதையல் ஆசை இந்தக் கற்களைச் சும்மா விடுவதில்லை. அங்கே இருந்ததெல்லாம் ஒருவர் மற்றவருக்கு வைத்த சோறும் சட்டியும்தான்.

தாண்டிக்குடி போகிறவர்கள் உள்ளூர்க்காரர் ஒருவரைத் துணைக்கு அழைத்து, இந்தக் கற்களையும் கும்பிட்டுவிட்டு வாருங்கள். மூடுகல்லின்மேல் ஏறி நின்று படம் எடுக்காதீர்கள். கீழே ஒருவர் கிடத்தப்பட்ட இடம் அது.